அஞ்சடியில் ஐந்து நாள்

முதல் நாள்: படகிலிருந்து

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, படகுத்துறைக்கு நடந்துபோய் பெர்ரி பிடித்தேன். பினாங்குக்கு விமானத்தில் வந்தால் தீவின் தெற்கே இறங்கி, நெடுஞ்சாலை வழியாக ஊருக்குள் நுழைய வேண்டும். எனக்குப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனைக் கடல் பக்கமிருந்து பார்க்க வேண்டும். என் தாத்தா அப்படித்தான் பார்த்தார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர் அவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஆட்களைச் சுமந்தது. எங்கள் ஊரில் எண்பது வயதுக்காரர்கள் இன்னும் அதன் பெயரை உறவினர் பெயர் போலச் சொல்வார்கள்.

தாத்தா 1950களில் இங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அவர் சொன்ன பினாங்குக் கதைகளில் எனக்கு அப்படியே நினைவிருப்பது கடை திறக்கும் கதை. கடையின் முன்பக்கம் முழுக்கப் பலகைக் கதவு. மேலேயும் கீழேயும் காடி வெட்டியிருக்கும். ராத்திரி ஒவ்வொரு பலகையாகக் காடியில் செருகி மூட வேண்டும், காலையில் ஒவ்வொன்றாக உருவி ஓரமாகச் சாத்தி வைக்க வேண்டும். பலகைக்குப் பலகை எண் உண்டு. வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. புதிதாக வந்த பையனுக்கு முதல் வேலை அதுதான்.

தாத்தாவின் கடையைத் தேடி நான் வரவில்லை. அதன் பெயர்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மாதிரிக் கடை முகப்புகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. எப்படி நிற்கின்றன, யார் நிற்க வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படகு நெருங்க நெருங்க, கரையில் முதலில் தெரிவது கொம்தார் கோபுரம். முதலில் கட்டியபோது 65 மாடி. 1970களில் அதைக் கட்டத் தொடங்கியபோது அந்த இடத்திலிருந்த கடைவீடுகளை வரிசை வரிசையாக இடித்தார்கள். அதன் காலடியில், தாழ்வாக, செம்மண் நிறத்தில் பரந்து கிடக்கும் ஓட்டுக் கூரைகள்தான் நான் பார்க்க வந்த ஊர். எவ்வளவு இடிந்திருக்கும், எவ்வளவு தப்பியிருக்கிறது என்பது அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

பையை அறையில் போட்டுவிட்டு இருட்டும்வரை நடந்தேன். கீழே கடை, மேலே வீடு, அதனால் கடைவீடு. முகப்பு அகலம் இருபதடி இருந்தாலே பெரிது. உள்ளே போனால் நூறடிக்கு மேலும் நீளும். ஒவ்வொரு வீட்டின் மேல்மாடியும் முன்னே நீண்டு தூண்கள்மேல் நிற்க, அடியில் நடைவழி. அடுத்த வீட்டிலும் அதே நடைவழி, அதற்கடுத்த வீட்டிலும். மலாயில் காக்கி லீமா. நம்மவர்கள் அஞ்சடி என்பார்கள். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, தெருவோர வீடு ஒவ்வொன்றும் பொதுமக்கள் நடக்கத் தொடர்ச்சியான மூடுவழி விட வேண்டும் என்று எழுதினார். அந்த வழக்கம் மலாக்கா நீரிணைக் கரையெங்கும் ஊன்றிவிட்டது. வீட்டுக்காரரின் நிலத்தில் வழிப்போக்கருக்கு உரிமை. திண்ணை பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது.

எட்டு மணிக்கு மழை வந்தது. குடை இல்லாமல் அஞ்சடி வழியாகவே பாதித் தூரம் நனையாமல் வந்தேன். மீதித் தூரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார், இன்னொருவர் சுவர் எழுப்பி அடைத்திருந்தார். இறங்கி நனைய வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள்: ஆர்மீனியன் தெரு

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். ஒன்பதுக்கு மேல் இந்தத் தெருவில் முகப்புகளைப் பார்க்க முடியாது. 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் இங்கே ஒரு சுவரில், நிஜ சைக்கிள் ஒன்றைப் பதித்து அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அன்றிலிருந்து அதன் முன் நின்று படம் எடுக்க வரிசை. ஓவியம் அழகாகவே இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வருகிறவர்களை நம்பியே சுற்றிலும் காந்தப் பொம்மைக் கடைகளும் ஐஸ்கிரீம் கடைகளும் வந்துவிட்டன. தெருவில் பார்ப்பதற்கு இருக்கும் மற்ற எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விட்டது.

சரி, அந்த மற்றவற்றைச் சொல்கிறேன். நின்று நிதானமாக ஒரு முகப்பைக் கீழிருந்து மேலே படிக்கலாம். நடுவில் கனமான இரட்டைக் கதவு. அதற்கு முன்னால் இடுப்பளவோ தோளளவோ உயரத்தில் ஓர் அரைக்கதவு, மலாயில் பிந்து பாகார். பகலில் பெரிய கதவைத் திறந்துவிட்டு அரைக்கதவை மட்டும் சாத்தினால் காற்று வரும், கண்பார்வை வராது. கதவின் இரு பக்கமும் சன்னல். சன்னலுக்கு மேல் காற்றுக்காக விட்ட துளை, பல வீடுகளில் வௌவால் வடிவத்தில் இருக்கும். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி என்பதால் அந்த வடிவம். சன்னலுக்குக் கீழே பூப்போட்ட பளபளப்பு ஓடுகள். மேல்மாடியில் சாய்ந்த மரச்சட்டம் அடுக்கிய நெட்டைச் சன்னல்கள் வரிசையாக; வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். சிலவற்றில் உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டவைத்துச் செய்த பூவும் பறவையும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைக்கு மேலே எழும்பி நிற்கும், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த கூரைக்குத் தாவாமல் இருக்க.

கொஞ்சம் பழகிவிட்டால் முகப்பைப் பார்த்தே வயது சொல்லிவிடலாம். மாடி தாழ்ந்து, அலங்காரம் இல்லாமல், முன்பக்கம் பெரும்பாலும் மரமாக இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. சுதை வேலையும் வளைவுகளும் வண்ண ஓடுகளுமாக நிரம்பி வழிந்தால் 1910க்கும் 1930களுக்கும் இடைப்பட்ட காலம், ரப்பரும் தகரமும் பணமாகக் கொட்டிய நாட்கள். அதற்கப்புறம் நேர்க்கோடு, கொடிக்கம்பம், நெற்றியில் ஆண்டு எண்.

120ஆம் எண் வீட்டுக்குள் போனேன். 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் தம் இயக்கத்தின் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பினாங்குக்கு மாற்றியபோது செயல்பட்ட இடம் இது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம், மழையும் வெளிச்சமும் நேரே இறங்குகிறது. முன்கதவிலிருந்து வரும் காற்று இந்த முற்றத்தில்தான் மேலேறிப் போகிறது. எனக்கு இன்று புரிந்தது இதுதான்: முகப்பிலுள்ள வௌவால் துளையும் சாய்சட்டமும் அரைக்கதவும் இந்த முற்றத்தோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். முற்றத்தை மூடிக் கூரை போட்டு ஏசி வைத்துவிட்டால் முகப்பு வெறும் படம்.

அப்படிப் படமாகிப்போன ஒன்றை மாலையில் பார்த்தேன். பெயர் வேண்டாம். முகப்பு மட்டும் மின்ன மின்ன இருக்கிறது. உள்ளே முற்றம் இல்லை, மரப்படி இல்லை, இரண்டு வீட்டுக்கு நடுச்சுவரும் இல்லை. அங்கே காப்பி குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள்: சுண்ணாம்பு

இன்று நாள் முழுக்க ஒரே வீட்டில். ஸ்டூவர்ட் சந்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. மேற்பார்வை செய்யும் கட்டடக் கலைஞர் பினாங்கிலேயே பிறந்த தமிழ்ப் பெண். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "உள்ள வாங்க சார், தலையில தொப்பி போட்டுக்கங்க" என்றார்.

முன்சுவரில் ஆளுயரத்துக்கு சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்திருந்தார்கள். அடியில் செங்கல். "தொட்டுப் பாருங்க" என்றார். விரல் வைத்ததும் செங்கல் மாவாக உதிர்ந்தது. கைக்குள் ஈரச் சர்க்கரை போல.

காரணத்தை அவர் விளக்கினார். இந்தச் செங்கல் இளஞ்சூட்டில் வெந்தது, மெத்தென்றிருக்கும். ஒட்டவைத்த சாந்தும் சுண்ணாம்பு, பூச்சும் சுண்ணாம்பு, மேலே அடித்ததும் சுண்ணாம்புதான். கடலோர ஊர், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நிலத்து ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் வெளியே ஆவியாகிவிடும். நூறு வருடம் அப்படித்தான் போயிற்று. பிற்பாடு யாரோ சுவர் உறுதியாக இருக்கட்டும் என்று சிமெண்டைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டையும் அடித்தார்கள். ஈரத்துக்குப் போக வழி இல்லை. இன்னும் மேலே ஏறியது. அதோடு ஏறிய உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து, உள்ளிருந்து உடைத்தது. வெளியே சிமெண்டு கல்லு மாதிரி, உள்ளே செங்கல் மாவு.

நான் பேசாமல் நின்றேன். எங்கள் நாகை வீட்டின் முன்சுவரும் சுண்ணாம்புக் காரைதான். 1990களில் அடியில் கொஞ்சம் உதிர்ந்தது. கொத்தனார் ஒருவர் சிமெண்டு பூசினால் ஐம்பது வருடம் அசையாது என்றார், அப்பாவும் சரி என்றார். ஐந்தே வருடத்தில் ஈரம் சன்னல் உயரத்துக்கு வந்தது. மறுபடி சிமெண்டு. மறுபடி ஈரம். கடைசியில் சுவரையே இடித்தோம். வீடு பழசாகிவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வீட்டைக் கெடுத்தது அந்தப் பூச்சு. இதைத் தெரிந்துகொள்ள கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

இங்கே செய்கிற மருத்துவம் பொறுமையானது. சிமெண்டை முழுக்க எடுத்துவிட்டு, சுவரை மாதக்கணக்கில் சும்மா காய விடுகிறார்கள். உப்பை இழுத்து எடுக்கிறார்கள். மாவான செங்கல்லை மட்டும் பிடுங்கி, அதே மாதிரிப் பழைய செங்கல்லை வைக்கிறார்கள். பின்கட்டில் பீப்பாய்களில் சுண்ணாம்பு நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஊறினால்தான் வெண்ணெய்ப் பதம் வரும். அதில் மணல் சேர்த்து மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. அவசரப்பட்டால் வெடிக்கும். செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்பைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். அந்தச் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு இந்த ஊர்க் கிட்டங்கிகளிலிருந்தும், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகளிலிருந்தும், போனதுதானே.

முகப்பின் நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டேன். "நாங்க தேர்ந்தெடுக்கறதில்ல சார், கேட்டுக்கறோம்" என்றார். சன்னல் ஓரத்தில் பழைய பூச்சு மிச்சமிருந்த இடத்தில் காசளவு வட்டமாகச் சுரண்டியிருந்தார்கள். மேலே ரோஸ், அதற்கடியில் பச்சை, அப்புறம் மஞ்சள், அதற்கும் அடியில் சுவரோடு ஒட்டிய வெளிர்நீலம். சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்தது. அதே முறைக்கு லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சீ மாளிகைதான் ஊரறிந்த சான்று. 38 அறை, 220 சன்னல். பாழடைந்து கிடந்த அதை 1990களில் பழைய முறைப்படியே மீட்டெடுத்து, 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக்காப்பு விருது கிடைத்தது. மாலையில் போய்ப் பார்த்தேன். அந்த நீலம் பெயிண்டு நீலம் மாதிரி கண்ணில் அடிக்கவில்லை. வெயில் சாயச் சாய மாறிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள்: மழை

நாள் முழுக்கத் தூறல். அஞ்சடிக்குள்ளேயே சுற்றினேன்.

கேம்ப்பெல் தெருவில் 1930களின் முகப்புகள். சிலவற்றில் ஷாங்காய் பிளாஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. சிமெண்டில் பொடிக்கல் கலந்து பூசி, மேற்பரப்பைக் கழுவிக் கல் தெரிய வைத்தது. கருங்கல் கட்டடம் போலத் தோன்றும். இதற்கு நிறமே அடிக்கக் கூடாது. அக்கறையோடு புதுப்பிக்கிறோம் என்று நினைத்து அதன்மேல் மஞ்சள் பெயிண்டு அடித்த இரண்டு கட்டடங்களைப் பார்த்தேன். அன்பு இருந்தால் போதாது, எந்தக் காலத்துச் சுவர் என்றும் தெரிய வேண்டும். நேற்றுப் பார்த்த வீட்டுக்கு சிமெண்டு விஷம், இந்தக் கட்டடத்துக்கு சிமெண்டே தோல்.

ஒரு காலத்தில் மேல்மாடிச் சன்னலை எல்லாம் செங்கல் வைத்து அடைத்து, குழாய்த் துளை மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டு உழவாரக் குருவி வளர்த்தார்கள். அதன் கூட்டுக்குச் சீனச் சமையலில் நல்ல விலை. குருவிக்காக இருட்டும் ஈரமும் வேண்டும் என்று உள்ளே தண்ணீர் தெளித்தார்கள், மரத்தளமெல்லாம் உளுத்தது. மரபுப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற 2013 வரை கெடு கொடுத்து அப்புறப்படுத்தினார்கள். அடைத்த சன்னலின் தழும்பு சில சுவர்களில் இன்னும் தெரிகிறது.

மழை வலுத்தபோது ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், இந்தத் தெருவிலேயே பிறந்தவராம், வாடகைச் சட்டம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். 1966ஆம் ஆண்டுச் சட்டம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. வாடகை அற்பம் என்பதால் உரிமையாளர் பழுது பார்க்கவும் இல்லை, இடித்துக் கட்டவும் இல்லை. ஊர் அப்படியே உறைந்து நின்றது. 1997இல் சட்டத்தை நீக்கினார்கள், 2000 ஜனவரி முதல் பாதுகாப்பு முழுதாகப் போயிற்று. வாடகை தாவியது. கூடை முடைகிறவர், ஊதுபத்தி செய்கிறவர், சாமான் கடைக்காரர் என்று வீட்டுக்கு வீடு காலி. அதற்குப்பின் எட்டு வருடம் கழித்து, 2008 ஜூலை 7 அன்று, மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஊர் ஏறியது. மையப் பகுதியில் மட்டும் 1,700க்கும் மேற்பட்ட பழங்கட்டடங்கள்.

"பட்டியல்ல போட்டாங்க. நல்லதுதான். ஆனா எங்க தெருவுல அப்ப ஆளே இல்லயே" என்றார்.

நல்லதுதான் என்று அவர் சொன்னதையும் நான் விட்டுவிட விரும்பவில்லை. பட்டியல் இல்லையென்றால் 18 மீட்டர் உயர வரம்பு இருந்திருக்காது. அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே, வரம்பை மீறி உயரும் நான்கு விடுதித் திட்டங்களால் அந்தத் தகுதியே பறிபோகுமோ என்ற நிலை வந்தது. 2016இல் மரபுப் பகுதிக்கான தனித் திட்டம் அரசிதழில் வந்த பின், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்பதுவரை விதி இருக்கிறது. விதியால் முகப்பு பிழைக்கிறது. வாடகை கட்டுப்படியானால்தான் கடைக்காரர் பிழைப்பார். இரண்டாவதற்கு விதி எழுத யாருக்கும் இன்னும் கை வரவில்லை.

ஐந்தாம் நாள்: கடைத்தெரு

கடைசி நாளை நம்மவர் தெருக்களுக்கு வைத்திருந்தேன். காலையில் குயீன் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டி, சூலியா தெருவில் நாகூர் தர்காவின் முன் நின்றேன். எங்கள் ஊர் ஆண்டவரை இங்கே பார்ப்பது தனிச் சந்தோஷம். தர்காவின் வெளிச்சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள், நாகூரில் இருப்பது போலவே.

பினாங்கு தெருவில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில், தரையில் பாய் விரித்து, ஆளுக்கொரு பெட்டி முன்னால் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மேசை நாற்காலி இல்லாத வட்டிக்கடை. அந்தத் தெருவில் இப்போது நகைக்கடையும் சேலைக்கடையும். பாட்டுச் சத்தம், மல்லிகை வாசம், வடைச் சட்டி. தெரு உயிரோடு இருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முகப்பைப் பார்க்க முடியவில்லை. மாடி உயரத்துக்குப் பிளெக்ஸ் பலகை. அதன் விளிம்பில் எட்டிப் பார்க்கும் சுதைப் பூ. ஆர்மீனியன் தெருவில் முகப்பு இருக்கிறது, பழைய கடைக்காரர் இல்லை. இங்கே கடைக்காரர் இருக்கிறார், முகப்பு மூடிக் கிடக்கிறது. மனம் ஆறவில்லை.

மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்து வந்தார்கள். தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். அங்கிருந்து ஒரு சந்து திரும்பியதும் மசாலா வாசம் மூக்கில் ஏறியது. மல்லி, மிளகாய், சோம்பு மூட்டைகள். கடையின் பக்கவாட்டில், சுவரோரமாக, சாய்த்து அடுக்கிய பலகைகள்.

உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க பாய் உட்கார்ந்திருந்தார். நாகை என்றதும், "அட, நம்ம ஊரு! எங்க வாப்பா நாகூரு. உக்காருங்க தம்பி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தேத்தண்ணீர் வந்தது. பலகைகளைக் காட்டி, ஏன் ஷட்டர் போடவில்லை என்று கேட்டேன்.

"ஷட்டர் போட்டா ராத்திரி காத்து ஏது? மூட்டை எல்லாம் வேர்த்துரும். அந்துப்பூச்சி வந்துரும். இங்க பாருங்க, பலகைக்கு மேல கம்பி. மூடினாலும் காத்து உள்ள வரும்" என்று மேலே கை காட்டினார். நிலைக்கு மேல் மரக்கம்பி வரிசை. பக்கத்துக் கடையில் ஷட்டர் சுருளும் தகரப் பெட்டி அந்த இடத்தைத்தான் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் மேலே இருந்த பழைய பெயர்ப்பலகையின் பாதி எழுத்தையும் சேர்த்து.

வாடகை எப்படி என்று தயங்கிக் கேட்டேன். இடம் பள்ளிவாசல் வக்ஃபு சொத்தாம். "தனி ஆளுகிட்ட இருந்திருந்தா எப்பவோ ஹோட்டல் ஆயிருக்கும் தம்பி. என்னால குடுக்க முடியிற வாடகை, அதான் ஒக்காந்திருக்கேன்." இந்த ஊரில் சீனக் குலச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் வக்ஃபுக்கும் நிறைய கடைவீடுகள் சொந்தம். முகப்பையும் கடைக்காரரையும் சேர்த்துக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் நிஜமான பதில் அதுவாகத்தான் பட்டது.

மாலைவரை அங்கேயே இருந்தேன். ஆறரைக்குக் கடை கட்டினார்கள். வேலைக்கு இருக்கும் பையன் வங்காளதேசத்துக்காரன், இருபது வயது இருக்கும். பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மேல்காடியில் ஏற்றி, கீழ்க்காடியில் இறக்கி, ஓரத்துக்குத் தள்ளினான். ஒன்று. இரண்டு. எண்கள் தமிழ் எண்கள். க, உ, ங என்று உளியால் கீறிக் கறுப்பு மை பூசியது. அந்தப் பையனுக்கு அவை எண் என்றே தெரியாது, வடிவத்தைப் பார்த்து வரிசை பிடித்திருக்கிறான்.

ஐந்தாவது பலகை மட்டும் வெளுப்பாக இருந்தது. புது மரம். போன மாதம் கரையான் பிடித்ததாம். "எல்லாத்தையும் எடுத்துட்டு ஷட்டர் போடச் சொன்னாங்க. கெட்டது ஒண்ணு. ஒண்ணை மாத்தினா போதாதா?" என்றார் பாய். பழையதின் அளவிலேயே செங்கால் என்ற மலாயாக் கெட்டி மரத்தில் தச்சர் இழைத்துக் கொடுத்திருக்கிறார். எண் வெட்ட இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இப்போதைக்குச் சாக்கட்டியால் ரு என்று எழுதியிருந்தது. தினம் கை பட்டுக் கலைவதால் தினம் எழுதுகிறாராம்.

பையன் அதைத் தூக்கும்போது எழுத்து பாதி அழிந்தது. பாய் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, அதே இடத்தில் மறுபடி எழுதினார்.